அம்மாவுக்குக் கிடைக்காத படிப்பகம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார். பாலை எடைபோட்டுவிட்டு வீடு வர மதியம் தாண்டிவிடும். அப்புறம் துணி, விறகு, நாங்கள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மளிகை சுற்றி வந்த தாளைக்கூட விரித்து வாசிப்பார். டவுனில் ஒரு படிப்பகம் இருந்தது. அவருக்குக் கை ஒழியும் நேரத்தில் அது பூட்டியிருக்கும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கும் அப்படி ஒரு வண்டி வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

இப்போது இந்த மண்டபத்துப் பக்கத்து அறையில் நூலகம் நடத்தும் தங்கையைப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் வரட்டும் என்று இரவு ஏழு மணிக்குத் திறக்கிறாள். நடக்க முடியாத பாட்டிகளுக்கு மோட்டார் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோகிறாள். யாருக்குப் பெரிய எழுத்து வேண்டும், எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறுகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கரையான் தட்டுவதும் கிழிந்ததை ஒட்டுவதும் அவள்தான். இதைச் சிலர் 'சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை' என்கிறார்கள். கேட்கும்போது மனசு எரிகிறது. அவளுக்குக் கிடைப்பது பெட்ரோல் காசு மட்டும்.

இளம் வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னாளில் ஆசிரியையாகி, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று போராடினார். அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டிவிட்டு, பக்கத்து அறையில் ஒரு பெண்ணைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சரியில்லை. 'சேவை' என்று பெயர் வைத்தாலும் சரியில்லை.

கமிட்டியை நான் கேட்பது இரண்டு. அவளுக்கு மாதச் சம்பளம். நூலகவியல் படிக்க ஆசைப்படுகிறாள், அதற்குக் கட்டணம். திருவிழாக் கணக்கு எழுதும் அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் நூறு வெள்ளியை வரும்போதே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்; அம்மா பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.