நெல்லைக் கேட்டார்கள், மகளைக் கேட்கவில்லை

நண்பர்களே, சங்கப் பாட்டுகளில் குறி கேட்கும் காட்சிகள் நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது முல்லைப்பாட்டில் வருவது. போருக்குப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை. முதிய பெண்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். தூவிக் கும்பிட்டுவிட்டு, காதில் தற்செயலாக என்ன சொல் விழும் என்று காத்து நிற்கிறார்கள். அதற்குப் பெயர் விரிச்சி. அங்கே ஓர் ஆயர்மகள், குளிரில் நடுங்கும் தோளைக் கைகளால் அணைத்துக்கொண்டு, சிறு தாம்பில் கட்டிய கன்று தவிப்பதைப் பார்த்து, ‘இன்னே வருகுவர் தாயர்’, அதாவது உன் தாய் இப்போதே வந்துவிடுவாள், என்கிறாள். தான் குறி சொன்னதே அவளுக்குத் தெரியாது! அந்தச் சொல்லைக் கொண்டுவந்து தலைவியைத் தேற்றுகிறார்கள். இதில் யாருக்கு என்ன கேடு? ஒருத்தியின் துயரம் தெரிந்து, அவளுக்காகப் போய் நின்றவர்கள் இவர்கள்.

சரி, மலைநிலத்துக் காதலைப் பாடும் குறிஞ்சிப் பாட்டுகளுக்கு வாருங்கள். அங்கே சங்கதி வேறு. காதலில் மகள் மெலிகிறாள். காரணம் புரியாத தாய், நெல்லை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்து நெல்லை நான்கு நான்காக எண்ணி ஒதுக்குவாள். மிச்சம் ஒன்றோ இரண்டோ மூன்றோ என்றால் முருகன் பிடித்து வருத்துகிறான் என்று பொருள், நான்கு என்றால் வேறு நோய். பாட்டுகளுக்கு எழுதிய உரை சொல்லும் கணக்கு இது. கவனியுங்கள், நான்கில் மூன்று விடை முருகன் தலையில் விழுகிறது. காதலுக்கு அந்த முறத்தில் இடமே இல்லை.

அப்புறம் கழங்குக் காய் போட்டுக் குறி பார்ப்பது, முருகன் பூசாரியான வேலன், அவன் சாமி வந்து ஆடும் வெறியாட்டு, ஆட்டுக்குட்டி பலி. இத்தனை பேரைக் கேட்டவள் பெற்ற மகளை உட்கார வைத்துக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

உண்மையை வெளியே கொண்டுவரும் வேலையை மகளின் தோழிதான் செய்கிறாள். ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டில், கட்டுவிச்சி பல மலைகளைப் பாடிக்கொண்டே வரும்போது, ‘அவர் குன்றத்தைப் பாடினாயே, அதை இன்னும் பாடு’ என்கிறாள். ‘அவர்’ யார் என்று தாய் கேட்டாக வேண்டும் அல்லவா! இன்னொரு குறுந்தொகைப் பாட்டில் வேலனையே நிறுத்தி, ‘இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் உன் பலியை உண்ணுமோ?’ என்று கேட்கிறாள். நற்றிணையில் முருகனும் தப்பவில்லை. இது உன்னால் வந்த நோய் அல்ல என்று தெரிந்தும், வேலன் வேண்டினான் என்று கடம்ப மாலை சூடி வந்து நிற்கிறாயே; கடவுளாகவே இருந்தாலும் இரு, நீ அறியாமை உடையவன்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ‘வாழிய முருகே’ என்கிறாள்.