தேக்காவின் அஞ்சடியில் நடப்போம் வாங்க

வணக்கம் நண்பர்களே. இப்போது சிங்கப்பூரில், தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்ட்ரீட்டில் நிற்கிறேன். மத்தியான வெயில் ரோட்டில் கொளுத்துகிறது. இங்கே என் தலையில் ஒரு பொட்டு வெயில் படவில்லை. மேலே பாருங்கள். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு வந்து, கீழே நடப்பவர்களுக்குக் கூரையாக நிற்கிறது. இதுதான் அஞ்சடி. பெயர்தான் ஐந்து அடி. சில தெருக்களில் ஆறு, ஏழு அடி அகலம்கூட இருக்கும்.

இது யாரோ இரக்கப்பட்டு விட்ட இடம் இல்லை, சட்டம் போட்டு வாங்கிய இடம். 1822இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத்தைத் திட்டமிட ஒரு குழுவை அமைத்தார். அந்தக் குழுவுக்கு அவர் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று: ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விட வேண்டும், அது தெரு நெடுக, எந்நேரமும் திறந்திருக்கும் பாதையாக இருக்க வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. இந்த ஊரில் போட்ட திட்டங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, இடம் கிடைத்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், முடி வெட்டுபவர், செருப்பு தைப்பவர் என்று எல்லாரும் அஞ்சடியில் பிழைத்தார்கள். கடைக்காரர்களும் மூட்டைகளை வெளியே அடுக்கினார்கள். 1888இல் நகராட்சி 'எல்லாவற்றையும் காலி செய்' என்று இறங்கியதும் கடைகள் அடைபட்டன, தெருவில் கலவரமே மூண்டது. கடைசியில் ஆள் நடக்க வழி விட்டால் போதும் என்று முடிந்தது. இதோ இந்த மளிகைக் கடையைப் பாருங்கள். பாதி இடத்தில் வெங்காய மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, மீதிப் பாதியில் நாம். அதே ஏற்பாடு இன்றும் நடக்கிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. மூட்டையே இல்லாத அஞ்சடி தேக்காவில் இருந்தால் அது தேக்காவாக இருக்காது.

கொஞ்சம் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். சில பழைய வீடுகளில் அஞ்சடிக் கூரையில் ஒரு சின்னத் துளை இருக்கும். கதவை யார் தட்டுகிறார்கள் என்று மாடியில் இருப்பவர்கள் பலகையை நகர்த்தி எட்டிப் பார்க்க வைத்தது. வீடுகள் இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மர உத்தரம் எட்ட வேண்டும், அதற்குமேல் அகலம் போக முடியாது. அதனால் வீடு பின்பக்கம் நீண்டுகொண்டே போகும், நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு முற்றம் விடுவார்கள்.

இப்போது தரையைக் காட்டுகிறேன். இந்த வீட்டுத் தரை முடியும் இடத்தில் ஒரு படி இறக்கம், அடுத்த வீட்டில் மறுபடி ஏற்றம். ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு மட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பாட்டி இந்தப் படியில் நின்றுவிடுவார், இல்லையென்றால் கார் ஓடும் ரோட்டில் இறங்க வேண்டும். அஞ்சடியின் பெரிய குறை இதுதான். லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, அதனால்தான் இந்த முகப்புகள் தப்பின. முகப்பைக் காப்பாற்றிய அக்கறை இந்தப் படிகளுக்கும் வர வேண்டும். பழைய தரை ஓடுகளைப் பெயர்க்காமலே சின்னச் சாய்தளம் வைக்க முடியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிப் பேட்டைகளில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக் என்னும் திறந்த கீழ்த்தளம், அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரை கூரை போட்ட நடைபாதை, எல்லாம் ஒரே மட்டம். 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் இப்படிப் பாதைகள் போட்டார்கள். 2018க்குள் மொத்தம் 200 கிலோமீட்டர். நனையாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற பழைய அஞ்சடி யோசனைதான் அது, என்னைக் கேட்டால்.

உங்கள் பேட்டையில் எந்த இடத்தில் கூரை அறுந்துபோகிறது, எந்த இடத்தில் படி தடுக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள், புளோக் நம்பரோடு. அடுத்த வீடியோ அந்த இடங்களில்தான்.