காய்ச்சல் விட்ட அன்றுதான் கண்காணிக்க வேண்டும்

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

டெங்குவைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் வரும் வழியெல்லாம் புகை அடித்திருந்தார்கள். மருத்துவர் வருகிறார் என்று அடித்ததோ என்னவோ! புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி தெருவிலா இருக்கிறது? உங்கள் கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. புழுவையும் முட்டையையும் அந்தப் புகை ஒன்றும் செய்யாது.

இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். நீங்கள் பிடித்துவைத்த நல்ல தண்ணீரே போதும். அதனால்தான் மழைக்காலத்தில் வருவதுபோலவே, குழாயில் தண்ணீர் வராத காலத்திலும் டெங்கு வருகிறது. வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் விட்டால் ஜனங்கள் டிரம்மில் சேர்த்துவைக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களை மட்டும் குறை சொல்லி அபராதம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு உலுக்கியது. அந்த ஆண்டு தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் பாதிப்பு. 2017இல் அது 23,000ஐத் தாண்டியது.

டிரம்மைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெண் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில், கரித்தூள் ஒட்டியதுபோல முட்டை வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்துபோய் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை உள்பக்கத்தை நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு துணியால் வாய்கட்டி மூடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டையும், மாடியில் கிடக்கிற டயரையும் விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல்காரரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர 8 முதல் 12 நாள் ஆகும். அதன்பிறகு சாகும்வரை அது கடிக்கிறவருக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். கடிபட்டவருக்கு 4 முதல் 10 நாளில் காய்ச்சல். கடிக்கும்போது கையை அசைத்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் மூன்று பேர் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொசு பறப்பது நூறு, இருநூறு மீட்டர்தான். ஊர்விட்டு ஊர் வைரஸைக் கொண்டுபோவது பஸ் ஏறிப் போகும் நாம்தான்! அது பகலில் கடிக்கிற கொசு. அதனால் காய்ச்சல்காரரையும், பகலில் தூங்கும் குழந்தையையும் வலைக்குள் படுக்கவையுங்கள்.

இனி நோய்க்கு வருகிறேன். பெரும்பாலோருக்குக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற மாதிரி நோவு, அவ்வளவோடு போய்விடும். சிலருக்கு மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தே தொடங்குகிறது. "ஜுரம் விட்டுருச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். அந்த நேரத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படும். கை கால் ஜில்லிடும், நாடி மெலியும், சிறுநீர் குறையும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிழைப்பதும் பிழைக்காததும் அந்த நேரத்தில் எவ்வளவு நிதானமாக நீர்ச்சத்து ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. குறைந்தாலும் தவறு, அளவு மீறி ஏற்றினாலும் தவறு.

எல்லாரும் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான். பப்பாளி இலைக்கு அலைவதும் அதற்காகத்தான். ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இன்னொரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுவது அது. பிளேட்லெட் இறங்கும்போதே அது ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்துபோவது, நிலைகொள்ளாமல் புரள்வது, இதில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். வலிக்கென்று ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

"ஒருதடவை வந்துவிட்டதே, இனி வராதே?" என்று ஓர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார். வரும், அம்மா. டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்த வகை திரும்ப வராது. வேறு வகை வரலாம். அப்படி வரும் இரண்டாம் முறையில்தான் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பழைய எதிர்ப்புப் புரதம் புதிய வகையை அழிக்க முடியாமல், அது செல்லுக்குள் நுழையவே வழிவிட்டுவிடுகிறது. தடுப்பூசி செய்வது இவ்வளவு சிக்கலாகப் போனதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

வல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி, வைரஸ் பெருகாமல் தடுக்கிற முறை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்குவை 77 சதவீதம் குறைத்தது. புதுச்சேரி ஆய்வு மையத்திலும் அத்தகைய கொசுக்களை உருவாக்கியிருக்கிறார்கள். அவை நம் தெருவுக்கு வரும்வரை நாரும் பிரஷும்தான்.

மேடைக்குப் பக்கத்தில் கொசுப்புழு பார்க்க வரும் அக்கா ஒரு பாட்டிலோடு நிற்கிறார். தலைகீழாகத் தொங்கி, வாலை மேலே நீட்டி மூச்சுவிடும் புழுக்கள் அதில் இருக்கின்றன. நிழல் பட்டால் நெளிந்து அடியில் போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் மேலே வரும். பார்த்துவிட்டு டீக்குப் போங்கள். நாளைக்கு அவர் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள்.