கப்பல் லேட்டானா பிரயாரிட்டி போர்டிங் என்ன ஆகும்?

[திரையில்: துறைமுக டெர்மினல். பெட்டிகளோட நீளமான வரிசை. பக்கத்துல 'பிரயாரிட்டி'ன்னு பலகை வெச்ச சின்ன வரிசை. ரெண்டுமே நகரலை.]

குரூஸுக்குக் கிளம்பற நாள். உங்ககிட்ட பிரயாரிட்டி போர்டிங், அதாவது மத்தவங்களுக்கு முன்னாடி கப்பல் ஏற்ற சலுகை, இருக்கு. காசு கொடுத்து வாங்கினதா இருக்கலாம், ஒரே கம்பெனி கப்பல்ல திரும்பத் திரும்பப் போனதால கிடைச்சதா இருக்கலாம். காலையில போன்ல மெசேஜ் வருது: "கப்பல் வந்து சேர தாமதமாகும், போர்டிங் நேரம் மாறுது." இப்ப அந்த பிரயாரிட்டிக்கு என்ன மதிப்பு?

நேராவே சொல்லிடறேன். வரிசையில நீங்க எங்க நிக்கணும்னு பிரயாரிட்டி முடிவு பண்ணும். வரிசை எப்ப நகர ஆரம்பிக்கணும்னு முடிவு பண்றது கப்பல்தான். லேட்டான நாள்ல வர்ற சண்டை, முணுமுணுப்பு எல்லாம் இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்கறதாலதான்.

[திரையில்: காலையில கரைக்கு வர்ற கப்பல். கதவு வழியா இறங்கற கூட்டம்.]

சாதாரண நாள்ல என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம். விடியக்காலையில கப்பல் துறைமுகத்துக்கு வரும். போன வாரப் பயணிகள் இறங்குவாங்க. அறைகளைச் சுத்தம் பண்ணுவாங்க, சாமான் ஏத்துவாங்க, எரிபொருள் நிரப்புவாங்க. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி புதுப் பயணிகள் ஏற ஆரம்பிப்பாங்க. சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். 'ஐகான் ஆஃப் தி சீஸ்' மாதிரி ஒரு கப்பல் நிரம்பினா அதுல 7,600 பயணிகள் வரைக்கும் இருப்பாங்க. அத்தனை பேர் இறங்கி, அத்தனை பேர் ஏறணும். எல்லாம் ஒரே பகல்ல, ஒரே கட்டடத்துல.

இதுல இறுக்கமான இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்கத் துறைமுகங்கள்ல, இறங்க வேண்டிய கடைசி ஆள் இறங்கி, கஸ்டம்ஸ் அதிகாரிகள் சரின்னு சொன்ன பிறகுதான் புது ஆளை ஏத்துவாங்க. கப்பல்ல பயணி எண்ணிக்கை பூஜ்யமாகணும். யாரோ ஒருத்தர் காலை டிபனை நிதானமா சாப்பிட்டுக்கிட்டு உள்ளேயே இருந்தா, அவர் பேரைச் சொல்லி ஸ்பீக்கர்ல கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அவர் இறங்கற வரைக்கும் வெளியில இருக்கற ஆயிரக்கணக்கான பேரும் காத்திருக்க வேண்டியதுதான், பிரயாரிட்டிக்காரங்களும் சேர்த்து.

பூஜ்யமானதும் முதல்ல உள்ள போறது பெரும்பாலும் நீங்க இல்ல. அதே கப்பல்ல அடுத்த பயணத்தையும் சேர்த்து புக் பண்ணினவங்க இருப்பாங்க. அவங்களை மொத்தமா வெளியில கூட்டிட்டு வந்து, பாஸ்போர்ட் பாத்து, திரும்ப உள்ள அனுப்புவாங்க. அதுக்கப்புறம் சக்கர நாற்காலி உதவி தேவைப்படறவங்க, சூட்ங்கிற பெரிய அறைக்காரங்க, திரும்பத் திரும்பப் போய் உயர் நிலைக்கு வந்த உறுப்பினர்கள், பிறகு காசு கொடுத்து பிரயாரிட்டி வாங்கினவங்க. கம்பெனிக்குக் கம்பெனி இந்த வரிசை கொஞ்சம் மாறும். ஆனா காசு கொடுத்து வாங்கினவங்க முதல் ஆளா இருக்கறது அபூர்வம்.

[திரையில்: மூடுபனி. தூரத்துல விளக்குகள் மட்டும் தெரியுது.]

சரி, இப்ப தாமதம். இதுல ரெண்டு வகை இருக்கு. எது நடக்குதுன்னு தெரியாம எந்த முடிவும் எடுக்காதீங்க.

முதல் வகையில, கப்பலே கரைக்கு வரலை. டெக்சாஸ்ல இருக்கற கால்வெஸ்டன் துறைமுகம் இதுக்கு நல்ல உதாரணம். குளிர்காலத்துல குளிர்ந்த தண்ணி மேல ஈரமான சூடான காத்து வந்தா மூடுபனி இறங்கிடும். கப்பலைத் துறைமுகத்துக்குள்ள வழிநடத்தற பைலட்டுகள் வேலையை நிறுத்திடுவாங்க. கப்பல் வெளிக்கடல்லயே காத்திருக்கும். பனி விலகினாலும் உடனே வந்துட முடியாது. ஹூஸ்டன் போற எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல் எல்லாம் அதே விரிகுடா வாய் வழியாத்தான் வரும். ஒண்ணொண்ணாத்தான் உள்ள விடுவாங்க. அதனாலதான் "எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டா கம்பெனி உறுதியா பதில் சொல்லாது. பனி எப்ப விலகும்னு அவங்களுக்கும் தெரியாது.

புயலைச் சுத்தி வர்றது, இன்ஜின் பழுதால வேகம் குறையறது, உடம்பு சரியில்லாத பயணியை இறக்கிவிட வழி மாறிப் போறது, இதெல்லாமும் இந்த வகைதான். கப்பல் கரையில நின்னாலும் போர்டிங் தாமதமாகற சந்தர்ப்பமும் உண்டு. போன பயணத்துல வாந்தி பேதி பரவியிருந்தா, மூலை முடுக்கெல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைச்ச பிறகுதான் கதவைத் திறப்பாங்க.

ரெண்டாவது வகையில போர்டிங் சரியான நேரத்துக்கு நடக்குது, கிளம்பறது மட்டும் லேட். எரிபொருள் வரலை, காத்து பலமா அடிக்குது, இந்த மாதிரி. இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. "எப்படியும் ராத்திரிதானே கிளம்பும், மெதுவா போலாம்"னு நினைச்சுடறாங்க. செக்-இன் மூடற நேரம் தானா தள்ளிப்போகாது. அமெரிக்காவுல, கிளம்பறதுக்கு 60 நிமிஷம் முன்னாடியே பயணிகள் பட்டியல் கஸ்டம்ஸுக்குப் போயாகணும். அதனால பல கம்பெனிகள் ஒரு மணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம் முன்னாடியே கவுன்டரை மூடிடுவாங்க. புது நேரம் எழுத்துல வராத வரைக்கும் பழைய நேரம்தான் உங்க நேரம். பிரயாரிட்டி அட்டை மூடின கவுன்டரைத் திறக்காது.

[திரையில்: போன்ல ஒரு மெசேஜ். 11:30 அடிச்சு 3:30ன்னு மாத்தியிருக்கு.]

முதல் வகை தாமதத்துல மெயில், எஸ்எம்எஸ், ஆப் மூணுலயும் புது நேரம் வரும். பொதுவா எல்லாரோட நேரத்தையும் ஒரே அளவு தள்ளிவைப்பாங்க. அதுல பிரயாரிட்டிக்காரங்களுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. "போர்டிங் தொடங்கின பிறகு எப்ப வேணா வரலாம்"னு இருக்கலாம், இல்ல ஒரு குறிப்பிட்ட நேரம் போட்டிருக்கலாம். எதுவுமே இல்லைன்னா, புது போர்டிங் தொடங்கற நேரத்துக்கு முன்னாடி போகாதீங்க.

ஏன்னா அங்க இடமே இருக்காது. போன வாரப் பயணிகளோட கார்கள் இன்னும் பார்க்கிங்ல நிக்கும். டெர்மினல்ல அவங்க பெட்டிகள் அடுக்கியிருக்கும். சீக்கிரமா போனா வெயில்லயோ மழையிலயோ வெளியில நிக்கணும். ஹோட்டல்ல லேட் செக்-அவுட் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கோங்க. அன்னைக்கு எந்த பிரயாரிட்டி வரிசையையும் விட அதுதான் சுகம்.

இன்னொரு விஷயம். அஞ்சு மணி நேரத்துல பரவி வர வேண்டிய கூட்டம் மூணு மணி நேரத்துல வந்து குவியும். பொது வரிசை நீளும், பிரயாரிட்டி வரிசையும் நீளும். அட்லான்டிக்கைத் தாண்டற நீண்ட பயணங்கள்ல பழைய வாடிக்கையாளர்கள் நிறைய பேர் வருவாங்க. அங்க சில சமயம் பிரயாரிட்டி வரிசைதான் பெருசு. எல்லாருமே வி.ஐ.பி.ன்னா யாருமே வி.ஐ.பி. இல்ல.

அப்ப காசு கொடுத்தது வீணா? ஓரளவுக்கு. கார்னிவல் கம்பெனி கப்பல்கள்ல 'ஃபாஸ்டர் டு தி ஃபன்'ங்கிற பிரயாரிட்டி பேக்கேஜ் வாங்கினா அறைக்குச் சீக்கிரம் போகலாம். ஆனா தாமதமான நாள்ல நீங்க ஏறும்போதே எல்லா அறையும் தயாரா இருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சலுகை அங்கேயே கரைஞ்சுடுது. ராயல் கரீபியன் கம்பெனியோட 'தி கீ'ங்கிற பேக்கேஜ்ல முதல் நாள் மதியச் சாப்பாடு தனியா உண்டு. நாலு மணிக்கு ஏறினா மதியம் எங்க இருக்கு?

மிஞ்சற லாபமும் உண்டு. வரிசையில நிக்கற நேரம் அப்பவும் குறையும். முட்டிவலிக்காரங்களுக்கும் குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கும் அது சின்ன விஷயம் இல்ல. அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி, அதாவது ஆபத்து வந்தா என்ன பண்ணணும்னு எல்லாப் பயணிகளுக்கும் சொல்லித்தர்றது. 2012 ஜனவரியில கோஸ்டா கான்கார்டியாங்கிற குரூஸ் கப்பல் கவிழ்ந்த பிறகு உலக விதி மாறிச்சு. 2015 ஜனவரி 1லேர்ந்து, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி முடிஞ்சாகணும். முன்னாடி 24 மணி நேரம் அவகாசம் இருந்துச்சு. லேட்டான நாள்ல கடைசியா ஏறறவங்க பெட்டியும் கையுமா நேரா அங்கதான் ஓடணும். முன்னாடி ஏறினவங்க நிதானமா முடிச்சுட்டு சாப்பிடப் போயிடலாம்.

[திரையில்: பெட்டியில டேக் கட்டற கை.]

போர்ட்டர்கிட்ட கொடுக்கற பெட்டி அன்னைக்கு ராத்திரிதான் அறைக்கு வரும்னு வெச்சுக்கோங்க. மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு மாத்துத் துணி, எல்லாம் கைப்பையில இருக்கட்டும். பிரயாரிட்டி டேக் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்துலேர்ந்து கிளம்பறவங்களுக்கு சட்டமே கொஞ்சம் உதவும். 2010ல வந்த 1177ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிஷத்துக்குள்ள நிலைமையைச் சொல்லியாகணும். 90 நிமிஷத்துக்கு மேல தாமதமாகும்னு தெரிஞ்சா, கிடைக்கற சூழ்நிலையில சாப்பாடோ சிற்றுண்டியோ இலவசமா தரணும். டிக்கெட் காசுல ஒரு பங்கைத் திருப்பித் தர்ற விதியும் அதுல இருக்கு, ஆனா அது படகு, ஃபெர்ரி பயணிகளுக்கு. குரூஸ் பயணிகளுக்குக் கிடையாது.

பிரயாரிட்டிக்குக் கட்டின காசை மட்டும் திரும்பக் கேக்கலாமா? கேக்கலாம். தருவாங்கன்னு உத்தரவாதம் இல்ல. எந்தச் சலுகை கிடைக்கலைன்னு குறிப்பா சொல்லி, முதல் ராத்திரி கூட்டம் வடிஞ்ச பிறகு கெஸ்ட் சர்வீஸ் மேசையில கேளுங்க. "லேட்டாயிடுச்சு"ன்னு மட்டும் சொன்னா, கப்பல்ல இருக்கற எல்லாருக்கும்தான் லேட்டுன்னு பதில் வரும். "தனி வரிசையே திறக்கலை, எங்களையும் பொது வரிசையிலதான் விட்டாங்க"ன்னு சொன்னா, அது அவங்க வித்த பொருளைக் கொடுக்கலைங்கிற பேச்சு. பணமா வரலைன்னாலும், கப்பல்ல செலவு பண்ணிக்க உங்க கணக்குல வரவு வெக்கறது உண்டு.