முதல் வேலையை யார் தருவது?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெற்றோர்களே, மாணவர்களே, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு இளைஞர்களின் வேலைவாய்ப்பைப் பெருக்குமா, பறிக்குமா என்ற தலைப்பில், பறிக்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

எண்பதுகளில் வங்கிக்குக் கணினி வந்தபோது சங்கங்கள் எதிர்த்ததை எதிரணித் தலைவர் நினைவுபடுத்தினார். பயந்தபடி நடந்ததா, வங்கிகள் வளரத்தானே செய்தன என்று கேட்டார். உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பேரேட்டை மூடிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காரவும் அன்று ஓர் ஆள் தேவைப்பட்டார். கிளார்க்காகச் சேர்ந்தவர் கவுன்ட்டரிலேயே தொழில் கற்று மேனேஜர் ஆனார். இன்றைக்கு வேலையில் இருப்பவர் பெரும்பாலும் இருப்பார். புதிதாக வரும் பிள்ளைக்குத்தான் இடம் இருக்காது. அதைத்தான் ஐயா, பறிப்பு என்கிறேன்.

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி வரும் ஃப்ரெஷருக்கு முதல் வருஷம் என்ன வேலை? டெஸ்டிங், 'பக்' என்கிற சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவது, வாடிக்கையாளர் 'டிக்கெட்' என்று அனுப்பும் புகார்களைப் பார்ப்பது. ஒரு படிவத்தில் பிப்ரவரி 31 என்று தேதி போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. "ஏன்னு பாருப்பா" என்று டீம் லீட் அவனிடம் தருவார். இரண்டு நாள் புரோகிராமைப் புரட்டுவான். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்பான். சாயங்காலம் லீட் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரியைப் பார், 31க்குள் இருக்கான்னு மட்டும்தான் பார்க்குது, எந்த மாசம்னு பார்க்கலை" என்று காட்டுவார். கல்லூரியின் நாலு வருஷத்தில் பிடிபடாதது அந்த ஒரு சாயங்காலத்தில் பிடிபடும்.

இன்று அதே லீட் அந்தப் புரோகிராமை ஏ.ஐ., அதாவது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுக்கிறார். சில நிமிடங்களில் திருத்தி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கேஸும் எழுதித் தந்துவிடுகிறது. நிறுவனத்துக்கு லாபம். லீட் மேலும் தப்பில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டிய பிள்ளையை யாரும் எடுக்கவில்லையே!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மென்பொருள், வாடிக்கையாளர் சேவை மாதிரி ஏ.ஐ.யின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதிக்குப் பிறகு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அமெரிக்கக் கணக்குதான். ஆனால் நம் ஐ.டி. நிறுவனங்களுக்கு அதிகம் வேலை கொடுப்பதே அந்த நாட்டு வாடிக்கையாளர்கள்தானே? இங்கே டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து 2023-24 நிதியாண்டில் 60 ஆயிரம் பேருக்கு மேல் குறைந்தார்கள். அந்தப் பழியை ஏ.ஐ. மேல் போடுவது நியாயமில்லை. கொரோனாவுக்குப் பின் வந்த தேக்கம்தான் பெரிய காரணம். தேக்கம் நீங்கினால் அந்த இடங்களுக்கு மறுபடி ஃப்ரெஷர்களை எடுப்பார்களா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எதிரணிச் சகோதரி ஜெஃப்ரி ஹின்டனைச் சொன்னார். அவர் ஏ.ஐ. துறையின் முன்னோடி, 2024இல் இயற்பியல் நோபல் பெற்றவர். ஸ்கேன் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட்டுகளின் வேலையை ஏ.ஐ. செய்துவிடும், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்று 2016இல் ஹின்டன் சொன்னார், அது பலிக்கவில்லை. சரி. ஏன் ஆபத்து வரவில்லை? மருத்துவக் கல்லூரிகள் அவர் பேச்சைக் கேட்டுப் பயிற்சியை நிறுத்தவில்லை. அதனால் இன்று ஸ்கேன் பார்க்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் துறையிலோ யாரும் அறிவிக்காமலே அந்தப் பயிற்சி நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. நாற்றங்காலே போடாமல் பத்து வருஷம் கழித்து எதை நடப் போகிறார்கள்?

அப்புறம், எதிரணி காட்டும் உலகப் பொருளாதார மன்றத்தின் கணக்கு. 2030க்குள் 9.2 கோடி வேலைகள் போகும், 17 கோடி வரும். இது ஏ.ஐ. மட்டுமல்லாமல் எல்லா மாற்றங்களும் சேர்ந்த கணக்கு. வளரும் வேலைகளின் பட்டியலில் மென்பொருள் உருவாக்குநரும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலைக்கு விளம்பரம் வந்தால் மூன்று வருஷ அனுபவம் கேட்பார்களே!

முன்வரிசையில் இருக்கும் பெற்றோர்களைப் பார்த்துச் சொல்கிறேன். கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைக்கிறீர்கள். படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். 2030இல் வரப்போகும் வேலையைக் காட்டினால் வங்கி இந்த மாதத் தவணையைத் தள்ளிவைக்குமா?

புதுத் திறன் கற்கட்டும் என்பார்கள். கற்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த முதல் இரண்டு வருஷ அனுபவத்தைச் சம்பளம் கொடுத்து யார் தருவார்கள்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.