சாமான் அறைச் சாவி

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற மூத்த ஆயர் ஐயா அவர்களே, சபைச் செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே (பொருளாளரைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் தெரியும்), பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, பாடகர் குழுவினரே, வாலிபத் தம்பி தங்கையரே, முதல் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் என் ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஐயா அவர்களே, உங்கள் எல்லாருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். என்னை அறிமுகப்படுத்திய செயலர் எனக்கு இல்லாத பெருமைகளை எல்லாம் சொன்னார். அதற்கும் நன்றி. ஒலிபெருக்கி பொறுப்பில் இருக்கும் தம்பியை யாரும் மேடையில் சொல்வதில்லை, அவருக்கும் நன்றி.

'அவசர வாழ்வில் அமைதி வேளை' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அமைதி வேளை என்றால் தினமும் தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கும் நேரம். இதை நேரம், இடம், மனம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வார்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் விடுவதாக இல்லை. நாள் முழுக்க அகப்பையைப் போட்டு அள்ளுகிறோம். அலுவலகத்துக்கு ஒரு அகப்பை, பிள்ளைகளுக்கு ஒன்று, சபை வேலைக்கு இரண்டு. சட்டியை நிரப்புவது எப்போது?

சில வருடங்களுக்கு முன் புத்தாண்டு ஆராதனையில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். தினமும் காலை 5 மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிப்பது. அப்போது நாங்கள் இருந்தது இரண்டு அறை வீடு, ஆறு பேர். முதல் நாள் கூடத்தில் விளக்கைப் போட்டேன். "யார்டா அது, திருடனா?" என்று அப்பா எழுந்துவிட்டார். இரண்டாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் வாசிக்கப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு சித்தப்பா வசனப் படம் அனுப்பியிருந்தார். அதைத் திறந்தேன், அதற்குக் கீழே இன்னொன்று, அப்புறம் ஒரு கல்யாண வீடியோ. மணி ஆறரை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேதாகமத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அருமையாக இருந்தது. 119-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் அம்மா கதவைத் தட்டினார். "டேய், இவ்வளவு நேரம் உள்ளே என்னடா பண்றே?" "ஒன்றுமில்லைம்மா" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்று இரவு மனைவி மெதுவாக, "ஏங்க, வயிறு சரியில்லையா? டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்ல வெட்கம். கெட்டதைச் செய்து மாட்டிக்கொண்டவன்கூட அப்படி முழித்திருக்க மாட்டான். "கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா அத்தைக்குப் போன் பண்ணினார். அத்தை ஜெபக் குழுவில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பரிந்து பேசும் ஜெபத்தின்போது, என் பெயரைச் சொல்லி, என் குடலுக்காக சபையே ஜெபித்தது! நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னேன். வாசலில் ஆயர் கையைப் பிடித்து, "இப்போது பரவாயில்லையா?" என்றார். அந்த ஆயர்தான் இன்று முன்னிலை வகிக்கிறார். ஐயா, இத்தனை வருடம் கழித்து மேடையில் அறிக்கை செய்கிறேன். என் வயிறு அன்றும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே அந்த வாளியை விட்டுவிட்டேன். அந்தச் சங்கீதத்தின் 176 வசனத்தில் நாற்பதைத் தாண்டவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்றால், அமைதி வேளை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சீக்கிரம் எழுந்திரு, செல்போனைத் தள்ளி வை, சோம்பலை விடு. சரிதான். ஆனால் எனக்கு நேரம் இருந்தது. உட்கார இடம்தான் இல்லை.

மாற்கு முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஆண்டவர் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று 35-ஆம் வசனம். அதிகாலை என்பதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறோம். அவர் தங்கியிருந்த இடத்தை யாராவது கவனித்தோமா? அவருடைய சீடர்கள் சீமோன், அந்திரேயா வீடு. அங்கே யாக்கோபும் யோவானும் கூட வந்திருக்கிறார்கள். அப்போதுதான் ஜுரம் விட்ட சீமோனின் மாமியார் வேறு. முந்தின நாள் சாயங்காலம் பட்டணமே அந்த வாசலில் கூடியிருந்தது. அந்த வீட்டில் அவருக்கு ஒரு மூலை கிடைத்திருக்காது. அதனால்தான் வெளியே போனார். போன இடத்துக்கும் சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். ஜெபத்தின் நடுவே வந்த முதல் போன் அழைப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மத்தேயு 6:6. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி." இங்கே மூல கிரேக்கத்தில் இருக்கும் சொல் தமெய்யோன். உள்ளறை என்று பொருள், சாமான் போட்டு வைக்கும் அறை என்றும் பொருள். லூக்கா 12:24-இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று வாசிக்கிறோமே, அங்கேயும் அதே சொல்தான். ஆக, ஆண்டவர் போகச் சொன்னது அலங்காரமான ஜெப அறைக்கு அல்ல, மூட்டை முடிச்சு கிடக்கும் அறைக்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன், அந்தச் சட்டியே பண்டசாலையில்தான் இருக்கிறது பாருங்கள்!

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி, இவர்களின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகள் பெற்றவர். அதில் பலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். மீதி பிள்ளைகள் சுற்றி ஓடும் வீட்டில், ஏப்ரனைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா துணிக்குள் இருக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். இதைக் கேட்டு நாம் ஆகா என்கிறோம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்தத் தாய்க்கு ஒரு கதவைக் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

வேலையே ஜெபம்தான் என்று சொல்லும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். உடனே சகோதரர் லாரன்சைக் காட்டுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே தேவ சமுகத்தை உணர்ந்தவர். நல்லது. ஆனால் அவர் இருந்தது கார்மேல் சபைத் துறவு மடம். மணியடித்தால் எல்லாரும் ஜெபத்துக்குப் போகும் இடம், அவரும் போனார். மடத்தை விட்டுவிட்டுச் சமையலறையை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

இப்போது பொருளாளர் அவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஆலயம் ஞாயிறு மதியம் பூட்டினால் அடுத்த ஞாயிறுதான் திறக்கிறது. பாதுகாப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆலயத்தை விடுங்கள். பக்கவாட்டில் தனி வாசலோடு ஒரு சாமான் அறை இருக்கிறது. போன வாரம் செயலரோடு உள்ளே போய்ப் பார்த்தேன். கால் ஒடிந்த நாற்காலிகள், ஊமையாகிப்போன ஒலிபெருக்கி இரண்டு, பழைய கன்வென்ஷன் பேனர்கள், கிறிஸ்துமஸ் நாடகத்து மேய்ப்பர்களின் கோல்கள், ஒரு செட்டை மட்டும் வைத்துக்கொண்டு காபிரியேல் தூதன். சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தேன், சத்தமே இல்லை. ஒரு பாய், ஒரு நாற்காலி, ஒரு வேதாகமம், உள்ளே ஒரு தாழ்ப்பாள், இவ்வளவுதான் கேட்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வருகிற செவிலியர், விடுதியில் நாலு பேரோடு தங்கியிருக்கும் தம்பி, கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் மூச்சுவிட நினைக்கும் தங்கை, இவர்களுக்கு அது தமெய்யோன். கதை சொல்ல என் பங்குக்கு ஒரு வாளியும் கொண்டுவந்து வைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். மனதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார், அவர் இரக்கமுள்ளவர், மூன்றாம் தடவை பார்க்க வைக்கக்கூடாது. அறை கிடைக்கட்டும், மனதைப் பற்றி அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

வெளியே மேசையில் விண்ணப்பத் தாள் இருக்கிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை நாற்காலிகளை வெளியே தூக்க எட்டுப் பேர் வேண்டும். வாலிபர் ஐக்கியத்தில் ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். காபிரியேலைப் பார்த்துத் தூக்குங்கள், இன்னொரு செட்டையும் போய்விட்டால் டிசம்பரில் நாடகத்துக்கு ஆளில்லை. சாவி பொருளாளரிடம் இருக்கிறது.