490 கிலோ: குட்டியானையில் ஏறி வந்த வீடு

வணக்கம் நேயர்களே. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பதிவைப் பேசுகிறேன். எனக்குப் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, இன்னுமா பிரிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வந்து 12 நாள் ஆகிறது, இன்னும் பிரிக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சென்னை அம்பத்தூரில் மூன்றாவது மாடி வாடகை வீடு ஒன்றில் 11 ஆண்டுகள் இருந்தேன். கணினியில் கணக்கெழுதும் வேலை எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடியதாக மாறிய பிறகு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஒவ்வொரு காலையிலும், மின்தூக்கி நின்றுபோய் அரிசி மூட்டையோடு படியேறிய ஒவ்வொரு மாலையிலும், ஆயா இறந்த பிறகு பூட்டியே கிடந்த இந்த ஓட்டு வீடும், இதன் முற்றமும், கிணற்றடியில் நிற்கும் முருங்கை மரமும் நினைவுக்கு வந்து கொண்டேயிருந்தன. எளிமையாக இருக்கலாம், குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லியே இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். கடைசியில் என்னைக் கிளப்பியது என் வைராக்கியமல்ல, அம்மாவின் பஞ்சாங்கம். ஆடி பிறந்துவிட்டால் குடி போகக் கூடாது, ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கெடு என்று ஒன்று இல்லாவிட்டால் நான் அந்த வீட்டை விட்டு அசைந்திருக்க மாட்டேன்.

முதலில், வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றிடம் விசாரித்தேன். பெயர் வேண்டாம். கைப்பேசியில் ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு 24,000 ரூபாய் என்றார்கள். மறுநாள் படி இறக்கும் கூலி என்றார்கள், அதற்கடுத்த நாள் அட்டைப்பெட்டிக்குத் தனி என்றார்கள், காப்பீடு என்றார்கள், தொகை 31,500 வரை ஏறியது. முன்பணம் கொடுக்காமல் இருந்ததால் தப்பினேன். சாமானை ஏற்றிய பிறகு தொகையை ஏற்றும் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதி வீடு வண்டியில் இருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது.

பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்திற்கே போய்க் கேட்டேன். அங்கேதான் அந்த ஓட்டுநர் கிடைத்தார். குடியாத்தத்துக்காரர். விடியற்காலையில் கைலிக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக ஊர் திரும்ப வேண்டியவர். இதற்கு ரிட்டர்ன் லோடு என்று பெயர். எப்படியும் டீசல் போட்டுத் திரும்ப வேண்டிய வண்டி என்பதால் கிடைத்ததெல்லாம் லாபம். 6,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். உங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிற வண்டியைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் வீடு மாற்ற இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான ஒரே யோசனை.

வண்டி டாட்டா ஏஸ். 2005இல் சந்தைக்கு வந்த இந்த வண்டியை நாம் எல்லோரும் குட்டியானை என்றுதான் சொல்கிறோம். ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தொட்டி. முக்கால் டன் ஏற்றலாம். எளிய வாழ்க்கைக்குப் புறப்படுகிறவனுக்கு இது தாராளம் என்று நினைத்திருந்தேன். ஓட்டுநர் மூன்று மாடி ஏறி வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவருகில் நின்று தலையைச் சொறிந்தார். "சார், இதுக்கு 14 அடி வண்டி வேணும் சார்" என்றார். நான் நம்பவில்லை.

அவர் ஏற்றிய விதத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், இப்போது திரையில் ஓடுகிறது, பாருங்கள். இரும்புப் பீரோவையும் பிரிட்ஜையும் கேபினை ஒட்டி நிமிர்த்தி வைத்தார். பிரிட்ஜைப் படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும், அப்படியே மின்சாரம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று எனக்குப் பாடமும் எடுத்தார். மெத்தையை மடக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அதையே தடுப்பாக்கினார். பாத்திரங்களுக்கு இடையில் என் பழைய லுங்கிகளைத் திணித்தார். கடைசியில் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக் கயிற்றைக் கட்டியதுதான் வேடிக்கை. ஒரு கொக்கியில் சுருக்குப் போட்டு, எதிர்ப்பக்கக் கொக்கியில் மாட்டி, காலைப் பலகையில் ஊன்றி உடம்பை முழுதும் பின்னால் சாய்த்து இழுத்தபோது, கயிறு தம்பூராத் தந்தியைப் போல விறைத்துக்கொண்டது. விரலால் சுண்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கொக்கிக்கு நகர்ந்தார்.

அவர் சொன்னதே நடந்தது. 14 பெட்டிகளும் ஒரு சோபாவும் ஒரு கட்டிலும் வண்டியில் கொள்ளவில்லை. கீழ்த் தளத்தில் இருந்த நண்பரின் கார் நிறுத்தும் இடத்தில் அவற்றை அடுக்கிவிட்டு, ஒரு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், நெமிலி சுங்கச்சாவடி, காஞ்சிபுரம் பிரிவுச் சாலை, ஓச்சேரி, காவேரிப்பாக்கம் என்று நீங்கள் அறிந்த வழிதான். ஆறு வழியாக்கும் வேலைக்காகச் சாலையை அங்கங்கே பக்கச் சாலைக்குத் திருப்பிவிட்டதில் வண்டி குதித்த ஒவ்வொரு குதிக்கும் பின்னால் என்ன உடைந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போலீசார் நிறுத்தினால் ஈவே பில், அதாவது சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு, கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது. அது தேவையில்லாத பயம். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு அந்தச் சீட்டு வேண்டியதில்லை. சாமான்களைக் கையால் எழுதிய பட்டியல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

காவேரிப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆனி மாதத்து மாலை மழை, கால் மணி நேரந்தான். ஆனால் தார்ப்பாயின் பின்முனை ஒன்று காற்றில் பிய்த்துக்கொண்டதில், புத்தகப் பெட்டி இரண்டு நனைந்தன. ஓட்டுநர் கட்டிய கயிறு அவிழவில்லை, நான் கொடுத்த தார்ப்பாய்தான் கிழிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாலாஜாவுக்கு முன்னால் சென்னசமுத்திரம் சுங்கச்சாவடியில் நின்றபோது, வண்டி அளவுக்கு மேல் உயரமாகத் தெரிகிறதே, பாரம் கூடுதலோ என்று நான் கவலைப்பட்டேன். அவர் சிரித்துவிட்டார். "வண்டிக்கு வெயிட்டே தெரியல சார். காத்த ஏத்திக்கினு போறோம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விடுவதாக இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் எடைமேடையில் வண்டியை ஏற்றிவிட்டார். வெறும் வண்டியின் எடை அவருக்கு மனப்பாடம். சீட்டில் அடித்து வந்த எண்ணிலிருந்து அதையும் எங்கள் இருவரின் எடையையும் கழித்தால் 490 கிலோ. இதோ அந்தச் சீட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். முக்கால் டன் தாங்குகிற வண்டி அரை டன்னைக்கூடத் தொடாமல் பிதுங்கி வழிந்திருக்கிறது.

அதன் பிறகு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை நான் பேசவில்லை. ஆறு வழக்கம்போல மணலும் சீமைக்கருவேலுமாகக் கிடந்தது. 2021 நவம்பரில் இதே ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் நம்ப மாட்டார்கள். நான் மனத்துக்குள் வண்டியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்சி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, அவற்றின் தெர்மகோல், உத்தரவாதக் காலம் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் எதற்கோ காத்திருக்கும் வெற்றுப் பெட்டிகள். பிளாஸ்டிக் இழுப்பறை அடுக்குகள் நான்கு. எதையோ அடுக்கி வைக்க வாங்கிய கூடைகள், அந்தக் கூடைகளை அடுக்கி வைக்க வாங்கிய அலமாரி. எல்லாம் எடையில்லாதவை, எல்லாம் இடத்தை அடைப்பவை.

எங்கள் தாத்தா 1961இல் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தது ஒற்றைக் கட்டை வண்டியில். நைனா அப்போது ஏழு வயதுச் சிறுவன், வண்டியின் மேல் உட்கார்ந்து வந்ததாகச் சொல்வார். இந்தப் பக்கத்துக்கு ரயில் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடியது. ஆனாலும் மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு ஊர் மாறுவதென்றால் ஒரு ஜோடி மாடுதான். தாத்தாவின் வண்டி பாரத்தால் மூன்று இடத்தில் மணலில் புதைந்ததாம். அம்மி, ஆட்டுக்கல், உரல், வெண்கலப் பானை, அண்டா, கலப்பை, நெல் மூட்டை. வண்டியில் பாதி இடம் காலி, மாட்டுக்கோ மூச்சு முட்டல்.

எனவே அவர்களிடம் பொருளே இல்லை, நம்மிடம்தான் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. நேற்று இரவு தூக்கம் வராமல், ஆயா காலத்தில் இந்த வீட்டில் இருந்தவற்றை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். முறம், புடைக்கும் முறம் வேறு, உலக்கை இரண்டு, உறி, குதிர், பரணில் ஏற ஏணி, படி, ஆழாக்கு, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, இட்லிக் குண்டான், மோர் கடையும் மத்து என்று போட்டதில் 90ஐத் தாண்டிவிட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் யார் கையில், எந்த வேளையில் பார்த்தேன் என்றும் எழுத முடிந்தது. என் சட்டைப்பையில் இருந்த பட்டியலை எடுத்து அதே கேள்வியைக் கேட்டால், பாதிக்கு மேல் பதில் இல்லை.

வேலூரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, அரியூர், ஸ்ரீபுரம் பொற்கோயில், ஊசூர், அணைக்கட்டு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு. கூப்பிடாமலே ஆறு பேர் இறக்க வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டியதும், "ஏம்பா, இத்தினி பொட்டியில இன்னா எடுத்துக்கினு வந்த?" என்று கேட்டார். சாமான் என்றேன். "அது தெரியுது" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் விவரம் இல்லை; பெட்டிகளின் மேல் நானே எழுதியிருந்ததும் 'இதர 1', 'இதர 2', 'இதர 3' என்றுதான்.

மறுநாள் காலை அம்மா சொன்னபடி உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், சாமி படம் ஆகியவற்றை முதலில் உள்ளே கொண்டுபோய்ப் பால் காய்ச்சினோம். சிலிண்டரை அம்பத்தூரிலேயே ஒப்படைத்துவிட்டேன், புது இணைப்பு வர நாளாகும் என்பதால் விறகு அடுப்புதான். பால் பொங்கியது அழகாகத்தான் இருந்தது, அதையும் படம் எடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அதே அடுப்பில் சோறு வடித்தபோது கண் சிவந்து, புகையில் இருமி, பக்கத்து வீட்டு அத்தை வந்து ஊதுகுழலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட காட்சியை வெட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வேலூருக்குப் போய் மின்சார அடுப்பு ஒன்று வாங்கி வந்தேன். அது வந்த பெட்டி இதோ, அந்த மூலையில் இருக்கிறது. எளிமைக்கு வந்த பிறகும் ஒரு பெட்டி கூடியிருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆயாவே அந்த அடுப்பிலிருந்து ஸ்டவ்வுக்கும், பிறகு கேஸுக்கும் சந்தோஷமாக மாறியவர்தான்.

இந்த 12 நாளும் நான் புழங்கியது ஒரு தோள்பையில் வந்த துணியும், கணினியும், சமையல் பெட்டி ஒன்றும், நான்கு மணி நேரம் ஆறவிட்டு ஓடவிட்ட பிரிட்ஜும் மட்டுமே. நனைந்த புத்தகங்களைத் திண்ணையில் காயவைத்தேன், அவற்றுள் ஆறேழைப் படிக்கவும் செய்தேன். பின்கட்டில் தாத்தாவின் அம்மி அதே இடத்தில் கிடக்கிறது. நேற்று நகர்த்திப் பெருக்கலாம் என்று முயன்றேன், அசையவில்லை. குடியாத்தத்து ஓட்டுநர் அதை ஏற்றியிருந்தால் வண்டிக்குப் பாரம் தெரிந்திருக்கும்.

சென்னை நண்பர் இன்று காலை மீண்டும் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய கார் தெருவில் வெயிலில் நிற்கிறதாம். அந்த 14 பெட்டிகளையும் சோபாவையும் கட்டிலையும் எப்போது எடுத்துப் போகிறாய் என்று கேட்டார். ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகிவிட்டதே, இந்த மாதம் சாமான் செட்டுகளைப் புது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்கிறார், ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.